கம்பெனியில் மறக்காதவர் வீட்டில் ஏன் மறக்கிறார்?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 38. பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். 12 மணி நேர ஷிஃப்ட். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. பகலும் இரவும் மாறி மாறி வரும். கடந்த ஆண்டு மனநல மருத்துவர் எனக்கு ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைபாடு, மிகைத்துடிப்புக் கோளாறு இருப்பதாகச் சொல்லி, நீண்ட நேரம் வேலை செய்யும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை கொடுத்தார். வேலையில் நல்ல மாற்றம் தெரிகிறது. வீட்டில் மட்டும் நான் பழைய ஆள்தான். மின்கட்டணம் கட்ட மறந்து, இணைப்பைத் துண்டிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ஓட்டுநர் உரிமம் காலாவதியானது தெரியாமல் மூன்று மாதம் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். துவைத்த துணி இயந்திரத்திலேயே கிடந்து நாறும். வங்கியிலிருந்து வரும் உறைகளைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது. போன மாதம் மகளை டியூஷனிலிருந்து அழைத்துவர மறந்துவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை முக்கால் மணி நேரம் வாசலில் நின்றிருக்கிறாள். டைரி வாங்கினேன், கைப்பேசியில் 14 அலாரம் வைத்தேன். எதுவும் மூன்று வாரத்துக்கு மேல் நிலைப்பதில்லை. “கம்பெனியில் எல்லாம் நினைவிருக்கிறது, வீடு என்றால் மட்டும் மறந்துவிடுமா?” என்று மனைவி கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. ஷிஃப்ட் வேலையில் இருப்பவன் எப்படி ஒழுங்கான பழக்கங்களை வைத்துக்கொள்வது? என் மகளுக்கும் இது இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அன்புத் தம்பிக்கு வணக்கம்.

உங்கள் மனைவி கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அவர் கோபத்தில் கேட்டிருக்கலாம். ஆனாலும் மிகச் சரியான கேள்வி அது. உங்களுக்கு வேண்டிய வழி அதற்குள்ளேயே இருக்கிறது.

கம்பெனியில் நீங்கள் உண்மையில் எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஷிஃப்ட் மாறும்போது, எந்த இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்று முந்தைய குழு எழுதிவைத்து, நேரிலும் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறது. இயந்திரம் நின்றால் அதன் உச்சியில் சிவப்பு விளக்கு எரிகிறது. பராமரிப்பு வேலைக்குச் சரிபார்ப்புத் தாள் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையெழுத்துப் போட வேண்டும். கருவிகள் மாட்டும் பலகையில் ஸ்பேனரின் வடிவத்திலேயே கோடு வரைந்திருக்கும். எடுத்தது திரும்ப வரவில்லை என்றால் அந்த வெற்றிடம் கண்ணில் குத்தும். வேலையிடத்தை ஒழுங்காக வைத்திருக்கும் ‘ஃபைவ் எஸ்’ பயிற்சியில் இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். போதாததற்கு மேற்பார்வையாளர் நடந்துகொண்டே இருக்கிறார். தவறு செய்தால் அதன் விளைவு சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது.

நீங்கள் அங்கே மறக்காமல் இருப்பதற்குக் காரணம், மறக்கக்கூடியதை எல்லாம் அந்தக் கட்டடம் உங்களுக்காக நினைவில் வைத்திருக்கிறது. வீட்டில் அப்படி எதுவும் இல்லை. மின்கட்டணத்துக்குச் சிவப்பு விளக்கு எரிவதில்லை. சலவை இயந்திரம் ஒருமுறை கூவிவிட்டு அமைதியாகிவிடுகிறது. எல்லாப் பாரமும் உங்கள் தலைக்குள் வந்து விழுகிறது. உங்கள் மூளை சிரமப்படும் இடமும் சரியாக அதுதான்.

ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில், உரிய இடத்தில் செய்துமுடிப்பதில்தான் தடங்கல். ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல பத்தாண்டுகளாக இதைத்தான் வலியுறுத்திவருகிறார். ஆகவே அறிவுரையும் கண்டிப்பும் இதற்கு உதவுவதில்லை. செயல் நடக்க வேண்டிய அதே இடத்தில், அதே கணத்தில், கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துணை இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. வெள்ளிக்கிழமை கட்ட வேண்டிய பணம் வியாழக்கிழமை இரவுவரை உங்கள் கண்ணில் படாமலே இருப்பதும் இதனால்தான். தள்ளியிருக்கும் காலம் உங்களுக்குக் கனமாக உறைப்பதில்லை. பக்கத்தில் வந்து நிற்பது மட்டுமே உறைக்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் சாப்பிடும் வகை மாத்திரை ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரம் வேலை செய்யும். பகல் ஷிஃப்டுக்காக விடியற்காலையில் அதைச் சாப்பிட்டால், ஷிஃப்ட் முடிந்து பினாங்குப் பாலம் கடந்து நீங்கள் வீட்டு வாசலை மிதிக்கும்போது மருந்தின் பலம் தீர்ந்திருக்கும். மருந்து உள்ள பொழுதைக் கம்பெனி எடுத்துக்கொள்கிறது, தீர்ந்த பொழுது குடும்பத்துக்குக் கிடைக்கிறது. இதை உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள். சாக்காக இல்லை, தகவலாக. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, “மாலை நேரத்தில் வீட்டில் சிரமமாக இருக்கிறது, இரவு ஷிஃப்ட் வாரத்தில் எந்த நேரத்தில் சாப்பிட வேண்டும்?” என்று நேரடியாகக் கேளுங்கள். நீங்களாக நேரத்தையோ அளவையோ மாற்ற வேண்டாம். தூக்கம், பசி, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாம் அதோடு சம்பந்தப்பட்டவை. இரவு ஷிஃப்டில் எனர்ஜி டிரிங்க் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த மருந்தோடு அதுவும் சேர்ந்தால் இதயம் வேகமாக அடிக்கும், பகலில் தூக்கமும் பிடிக்காது.

இனி, ஷிஃப்ட் வேலையில் ஒழுங்கை எப்படிக் கொண்டுவருவது என்ற உங்கள் கேள்வி. பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதப்படும் பெரும்பாலான குறிப்புகள், தினமும் ஒரே நேரத்தில் எழுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ‘காலை 6 மணிக்கு இது, இரவு 9 மணிக்கு அது’ என்ற அட்டவணை உங்களுக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால் நீங்கள் கடிகாரத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பழக்கத்தையும் ஒரு நிகழ்ச்சியோடு கட்டுங்கள். பகலோ இரவோ, நீங்கள் தூங்கி எழுகிறீர்கள். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் சாப்பிடுகிறீர்கள். ஹெல்மெட்டைக் கையில் எடுக்கிறீர்கள். வீடு திரும்பிக் கதவைத் திறக்கிறீர்கள். இந்த நான்கும் எந்த ஷிஃப்டிலும் மாறாமல் நடக்கின்றன. மணி மட்டும்தான் மாறுகிறது.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் ஆராய்ந்து காட்டிய முறை இதுதான். ‘இனிமேல் மறக்காமல் செய்வேன்’ என்று உறுதி எடுப்பதைவிட, ‘இது நடந்தால் உடனே அதைச் செய்வேன்’ என்று இரண்டையும் முடிச்சுப்போட்டு வைப்பது மிக நன்றாக வேலை செய்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடமும் இதைச் சோதித்து, பலன் இருப்பதைக் கண்டார்கள். கதவைத் திறந்தால் கம்பெனி அடையாள அட்டையான பாஸை ஆணியில் மாட்டுவேன். சாப்பாட்டுத் தட்டைக் கழுவினால் மாத்திரைப் பெட்டியைத் திறப்பேன். இவ்வளவு சின்னதாக, இவ்வளவு வெளிப்படையாக இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டு வாசலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். உங்களிடம் உள்ள பொருள்களிலேயே மிகவும் நம்பகமானது ஹெல்மெட். அது இல்லாமல் நீங்கள் படியிறங்க முடியாது. ஆகவே, உங்களோடு வெளியே போக வேண்டிய எதுவும் ஹெல்மெட்டுக்குள் போகட்டும். தபாலில் சேர்க்க வேண்டிய கடிதம், மகளின் பள்ளிப் படிவம், காலாவதியாகப் போகும் உரிமம், மருத்துவரின் மருந்துச் சீட்டு, எதுவானாலும் அதற்குள்தான். தலையில் கவிழ்க்கும்போது அது உங்கள் முகத்தில் வந்து விழும். மேசைமேல் வைத்த கடிதம் மூன்றாம் நாள் மேசையின் ஒரு பகுதியாகிவிடும். ஹெல்மெட்டுக்குள் வைத்தது அப்படி ஆகாது. வாசலுக்கு உள்ளே, கண்மட்டத்தில் மூன்று ஆணிகள் அடியுங்கள்: சாவி, பாஸ், மழைக்கோட்டு. கம்பெனிக் கருவிப் பலகையைப்போல ஒவ்வொன்றின் வடிவத்தையும் சுவரில் வரைந்துவிடுங்கள். உங்கள் மகளை வரையச் சொன்னால் இன்னும் நல்லது. அழகுக்காகச் சொல்லவில்லை, தான் வரைந்த இடம் வெறுமையாக இருந்தால் அவள் கேட்காமல் இருக்கமாட்டாள்.

வேலை முடிந்து உள்ளே வந்ததும் வரும் முதல் பத்து நிமிடம்தான் உங்கள் நாளிலேயே விலைமதிப்புள்ள நேரம். அந்தப் பத்து நிமிடத்தில் உட்காராதீர்கள். நாற்காலியில் சாய்ந்து கைப்பேசியைத் திறந்துவிட்டால் அன்றைய இரவு முடிந்துவிட்டது என்பது உங்களுக்கே தெரியும். நின்றபடியே பாஸும் சாவியும் ஆணிக்கு, தண்ணீர்ப் புட்டியும் சாப்பாட்டு டப்பாவும் தொட்டிக்கு, சீருடை கூடைக்கு. இவற்றை எந்த வரிசையில் செய்கிறீர்களோ அதே வரிசையில் ஒரு அட்டையில் எழுதி, கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். ஐந்து வரிக்கு மேல் போகக்கூடாது. பிறகு உட்காருங்கள், தேநீர் குடியுங்கள், உங்கள் விருப்பம்.

துணி விஷயத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும். வீட்டுக்கு வந்ததும் இயந்திரத்தைப் போடாதீர்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து துணியைப் போட்டுவிட்டுப் படுத்தால், நம் ஊர் வெப்பத்தில் மாலைக்குள் அது நாறித்தான் தீரும். தூங்கி எழுந்ததும் போடுங்கள். இயந்திரம் ஓடி முடிகிறவரை நீங்கள் விழித்திருப்பீர்கள், வீட்டிலும் இருப்பீர்கள். காலிக் கூடையை இயந்திரத்துக்கு எதிரே, கால் இடறும் இடத்தில் வையுங்கள். துணியைக் காயப்போட்ட பிறகே கூடை அதன் இடத்துக்குப் போக வேண்டும்.

பில்களைப் பொறுத்தவரை நினைவூட்டலே வேண்டாம் என்பேன். தெனாகாவின் மின்கட்டணம், தண்ணீர், இணையம், கைப்பேசி எல்லாவற்றையும் தானாகக் கழித்துக்கொள்ளும் முறைக்கு மாற்றிவிடுங்கள். சம்பளம் விழும் கணக்கிலிருந்து வேண்டாம். தனியாக ஒரு கணக்கு வைத்து, சம்பளம் வந்த மறுநாள் அதற்கு ஒரு தொகை தானாகப் போய்ச் சேரும்படி செய்யுங்கள். ஒருமுறை உட்கார்ந்து அமைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் உங்கள் மூளைக்கு அந்த வேலை இல்லை. ஓட்டுநர் உரிமத்தை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருசேரப் புதுப்பித்துவிடுங்கள். இன்னும் புதுப்பிக்கவில்லை என்றால், இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். வாகனக் காப்புறுதிக்கும் ரோட் டேக்ஸுக்கும் முகவர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டுவது அவருடைய தொழில்.

14 அலாரம் பற்றி எழுதியிருந்தீர்கள். அடிக்கடி ஒலிக்கும் எச்சரிக்கை மணியை இயந்திரக்காரர்கள் கேட்பதையே நிறுத்திவிடுவதை நீங்கள் வேலையிடத்தில் பார்த்திருப்பீர்கள். வீட்டிலும் அதேதான் நடந்திருக்கிறது. 12 அலாரங்களை அழித்துவிடுங்கள். மீதி இரண்டை, தவறினால் ஒரு மனிதருக்குத் துன்பம் வரும் காரியங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மகளை அழைத்துவருவது அதில் முதலாவது. டியூஷன் 8 மணிக்கு முடிகிறது என்றால் 8 மணிக்கு அலாரம் வைப்பதில் பயனில்லை. எழுந்து, சட்டை போட்டு, சாவி எடுத்து, வண்டியை வெளியே தள்ளும் நேரத்தையெல்லாம் கூட்டி, கிளம்ப வேண்டிய நேரத்துக்கு வையுங்கள். அலாரத்தின் பெயர் ‘டியூஷன்’ என்று இருக்கக்கூடாது. ‘எழுந்து நில், சாவியை எடு’ என்று இருக்கட்டும். நின்ற பிறகுதான் அணைப்பது என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். அதோடு, பிள்ளை விஷயத்தில் ஓர் ஆளின் நினைவை மட்டும் நம்பக்கூடாது. நீங்கள் அழைக்கப்போகும் நாள்களில், ‘கிளம்பிவிட்டேன்’ என்று மனைவிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. அது குறித்த நேரத்துக்குள் வரவில்லை என்றால் அவர் உடனே அழைப்பார். டியூஷன் ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள்: பத்து நிமிடம் தாண்டினால் இருவரையும் அழைக்கட்டும், பிள்ளையை உள்ளேயே உட்காரவைக்கட்டும்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி மகளிடம் பேசினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பேசவில்லை என்றால் பேசுங்கள். “அப்பா மறந்தது தவறு. உன்னைப் பிடிக்காமல் மறக்கவில்லை. இனி இப்படி நடக்காமல் இருக்க அப்பாவும் அம்மாவும் இந்த ஏற்பாடு செய்திருக்கிறோம்” என்று சொல்லி அந்த ஏற்பாட்டைக் காட்டுங்கள். வெறும் மன்னிப்பைவிட அந்த ஏற்பாடுதான் ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தைரியம் தரும்.

பிரிக்காத உறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்கள் பலர் மறதியால் பட்ட கஷ்டத்தைவிட வெட்கத்தால் பட்ட கஷ்டம் அதிகம். சிறு வயதிலிருந்து சோம்பேறி, பொறுப்பில்லாதவன் என்று கேட்டுக் கேட்டு, ஒரு உறையைப் பார்த்தாலே இன்னொரு தோல்வி உள்ளே இருக்கிறது என்று மனம் பின்வாங்குகிறது. பிரிக்காமல் விடுவதால் அபராதம் ஏறுகிறது. அபராதம் ஏறுவதால் பயம் ஏறுகிறது. தனியாக உட்கார்ந்து பிரிக்க முயலாதீர்கள். ஓய்வு நாளின் காலையில், மனைவியோ நண்பரோ அதே மேசையில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் பிரியுங்கள். அவர் உதவ வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். முதல் நாள் பிரித்து அடுக்குவது மட்டும். பணம் கட்டுவது மறுநாள். இவ்வளவுக்குப் பிறகும் வெட்கம் கனத்து, வாழ்வதே வீண் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், அடுத்த மருத்துவச் சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். தொலைபேசியில் ஆறுதல் தரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

மூன்று வாரத்தில் எல்லாம் சரிந்துவிடுகிறது என்கிறீர்கள். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்குத்தான் உங்களைத் தோற்றவர்போல உணரவைக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு எளிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. அந்த ஆய்வு ஏ.டி.எச்.டி. உள்ளவர்களைப் பற்றியது அன்று. ஆகவே மூன்று வாரத்தில் சரிவது உங்கள் குணத்தின் குறை என்று நான் ஏற்கமாட்டேன். புதிதாக இருக்கும்வரை உங்கள் மூளை ஒரு முறையை விரும்பிச் செய்கிறது. பழகியதும் அட்டை சுவரோடு சுவராகிவிடுகிறது.

இதற்கு நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது, சரிவை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். ஷிஃப்ட் பகலிலிருந்து இரவுக்கு மாறும்போதெல்லாம் கதவில் ஒட்டிய அட்டையைக் கிழித்துவிட்டு, வேறு நிற அட்டையில் அதே ஐந்து வரிகளை மீண்டும் எழுதுங்கள். பகலுக்கு மஞ்சள், இரவுக்கு நீலம் என்று வைத்துக்கொண்டால் எந்த வாரத்தில் இருக்கிறோம் என்பதும் தெரியும். ஏதாவது ஒரு வாரம் முழுவதுமாக விட்டுப்போனால், விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்க்காதீர்கள், புது டைரி வாங்கக் கடைக்கும் போகாதீர்கள். அடுத்த முறை கதவைத் திறக்கும்போது பாஸை ஆணியில் மாட்டுங்கள். அன்றைக்கு அந்த ஒன்று போதும். மறுநாள் இரண்டாவது வரி. திரும்பி வரும் வழி இவ்வளவு சின்னதாக இருந்தால்தான் திரும்பி வருவீர்கள்.

இதே வழியில் முறையாகப் பயிற்சி தரும் சிகிச்சையும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் சாஃப்ரன் குழுவினர், மருந்து சாப்பிட்டும் அறிகுறி தீராத பெரியவர்களிடம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிட இதைப் பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். மருந்தா, பழக்கமா என்று பிரித்துக் கேட்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் இதுதான்: மருந்து உங்களை மேசைக்கு முன் உட்காரவைக்கும், மேசையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பழக்கம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் மருத்துவரிடம் மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

தூக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் குறைந்தால் யாருக்கும் கவனம் சிதறும்; உங்களுக்கு இன்னும் அதிகமாகச் சிதறும். இரவு ஷிஃப்ட் வாரத்தில் படுக்கையறை ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் திரை போடுங்கள், கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். காப்பி, தேநீரை ஷிஃப்டின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் சாலை விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியானது. இரவு முழுவதும் விழித்திருந்துவிட்டு, மருந்தும் தீர்ந்த நிலையில், 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் வருவதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கம்பெனிப் பஸ் இருந்தால் இரவு ஷிஃப்டுகளுக்கு மட்டுமாவது அதில் போய் வாருங்கள். உடற்பயிற்சிக்குப் பின் சற்று நேரம் கவனம் கூர்மையாக இருக்கும். ஓய்வு நாள் காலையில் செரோக் தோக்குன் மலைப் பக்கம் மகளோடு ஏறி இறங்கிவிட்டு வந்து, பிறகு அந்த உறைகளைப் பிரியுங்கள்.

உங்கள் மனைவிக்கும் சில வார்த்தைகள். அம்மா, நீங்கள் களைத்திருப்பது நியாயம். இத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டின் சரிபார்ப்புத் தாளாகவும் எச்சரிக்கை விளக்காகவும் நீங்களே இருந்திருக்கிறீர்கள். அவருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது அவர் ஏன் மறக்கிறார் என்பதை விளக்குகிறது. அவருடைய பொறுப்பை உங்கள் தலையில் இறக்கிவைக்க அது அனுமதி தரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அவர் படியிறங்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ வாயால் சொல்லும் வேலையைச் சொன்னதாகக் கணக்கில் வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒரு வெள்ளைப் பலகை வையுங்கள். சொல்ல வேண்டியதை அதில் எழுதுங்கள், அல்லது அவரை எழுதவையுங்கள். அவருடைய முதல் ஓய்வு நாளில் இருவரும் தேநீரோடு கால் மணி நேரம் அந்தப் பலகைக்கு முன் உட்கார்ந்து, அடுத்த ஆறு நாளுக்கு யார் பிள்ளையை அழைப்பது, யார் சந்தைக்குப் போவது, எந்தக் கடிதத்துக்குப் பதில் போடுவது என்று ஒப்படைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் ஒப்படைப்பு எப்படி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவரே அதை நடத்தட்டும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள், தம்பி. உரிமத்தைப் புதுப்பிப்பதும் மகளை அழைக்கும் ஏற்பாடும் இன்றே. அடுத்த ஓய்வு நாளில் மூன்று ஆணிகளும் கதவு அட்டையும். பில்கள் அதற்கடுத்த ஓய்வு நாளில். மற்றவை அப்புறம்.

கடைசியாக மகளைப் பற்றி. ஏ.டி.எச்.டி. பரம்பரையாக வரும் தன்மை அதிகமுள்ளது. இரட்டையர் ஆய்வுகள் அதை 70 முதல் 80 விழுக்காடு என்று மதிப்பிடுகின்றன. மக்கள்தொகையில் காணப்படும் வேறுபாடுகளுக்கு மரபணு எவ்வளவு காரணம் என்பதைச் சொல்லும் கணக்கு அது. உங்கள் மகளுக்கு வருவதற்கான வாய்ப்பு 80 விழுக்காடு என்று அதற்குப் பொருளில்லை. மற்றப் பிள்ளைகளைவிட வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். பெண் பிள்ளைகளிடம் ஓட்டமும் துடிப்பும் பெரிதாகத் தெரியாமல், கனவு காண்பதுபோல உட்கார்ந்திருப்பதாகவே வெளிப்படுவது அதிகம். அதனால் பலர் கண்ணில் படாமல் போகிறார்கள். 2013-இல் வந்த அமெரிக்க மனநலச் சங்கத்தின் மனநோய் கண்டறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். ஆகவே உங்கள் பயத்தை வைத்து அவளை அளக்காதீர்கள். தமிழ்ப்பள்ளியில் அவளுடைய வகுப்பாசிரியரைப் பாருங்கள். பாடத்தை முடிக்கிறாளா, பொருள்களைத் தொலைக்கிறாளா, சொன்னதைப் பாதியில் விட்டுவிடுகிறாளா என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் வீட்டில் பார்ப்பதும் ஒத்துப்போய், அவளுடைய படிப்போ நட்போ பாதிக்கப்படுகிறது என்றால், பக்கத்து அரசு சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப்போய் நிபுணரிடம் அனுப்பும் கடிதம் கேளுங்கள். அங்கே குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவுதான். போகும்போது அவளுடைய பள்ளி அறிக்கைகளையும், உங்களுக்கு ஏ.டி.எச்.டி. உறுதியான மருத்துவக் குறிப்பையும் எடுத்துச்செல்லுங்கள்; முந்தின இரவே ஹெல்மெட்டுக்குள் வைத்துவிடுங்கள்.